வெர்மீரைப் படியெடுத்து ஆயில் போர்ட்ரெய்ட் கற்பது: குன்னூர்க் குளிரில் அடுக்கு காயவில்லை, சருமம் வெளுத்துப் போகிறது

சிம்ஸ்பார்க் (குன்னூர்)

வணக்கம். பென்சிலிலும் வாட்டர்கலரிலும் முகம் வரைந்து பழக்கம் உண்டு. ஆயில் புதிது. பழைய மாஸ்டர் ஒருவரின் படத்தை அப்படியே படியெடுத்துக் கற்கலாம் என்று டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துக் காதணிப் பெண்’ணை எடுத்துக்கொண்டேன். அசல் அளவே, 44.5 × 39 செ.மீ. பருத்தி கேன்வாஸ், அதன்மேல் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிக்க முதலில் அடிக்கிற வெள்ளை அடிப்பூச்சு) 2 பூச்சு. 3 செ.மீ. கட்டம் போட்டுக் கோடு இறக்கியாயிற்று (அகலத்தில் சரியாக 13 கட்டம் வருகிறது). பர்ன்ட் அம்பரில் (கரும்பழுப்பு) லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தாராளமாக விட்டு அண்டர்பெயின்டிங் (வெளிச்சமும் நிழலும் மட்டும் குறிக்கிற அடி ஓவியம்). முகத்துக்கு மட்டும் அதன்மேல் ஒரு அடுக்கு கலர்: டைட்டேனியம் ஒயிட், யெல்லோ ஓக்கர், கேட்மியம் ரெட், நிழலுக்கு ஐவரி பிளாக்.

இப்போது நிற்கிற இடம் இதுதான்.

ஐப்பசி மழையும் மூடுபனியும் விடாததால் அம்பர் அடுக்கே இன்னும் விரலில் ஒட்டுகிறது. அம்பர் சீக்கிரம் காயும் என்றுதானே எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது?

முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து, நிழல் சாம்பலாகத் தெரிகிறது. பிரின்ட்டில் இருக்கும் அந்த உள்ளிருந்து வருகிற வெளிச்சம் வரவில்லை.

பின்னணிக்கு ஐவரி பிளாக்கை அப்படியே போட்டால் ஓட்டை மாதிரி செத்துக் கிடக்கிறது.

கடைசியாக, டர்பென்டைனுக்குப் பதில் இங்கே சுலபமாகக் கிடைக்கிற நீலகிரித் தைலம் விட்டுக் கலக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சரிதானா?


கோத்தகிரி ஈசல்

காய்கிற விஷயத்தை லவ்டேல் அண்ணன் வந்து சொல்லட்டும், அவர் அதில் கரைகண்டவர். சருமத்தையும் பின்னணியையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெளுப்புக்குக் காரணம் டைட்டேனியத்தின் பலம். வெர்மீர் கையில் இருந்தது ஈய வெள்ளை. அது இவ்வளவு மூடாது, கலவைக்குள் அடங்கிப் போகும். டைட்டேனியம் கொஞ்சம் சேர்ந்தாலே நிறம் வெளிறுவதோடு நீலப் பக்கமும் சாயும். அதை வெளிச்சம், இடைநிலை, நிழல் என எல்லா இடத்திலும் விட்டால் முகம் முழுக்கப் பவுடர் அப்பியதாகிவிடும். அதற்காக ஈய வெள்ளையைத் தேடிப் போக வேண்டாம். அது நஞ்சு, கற்கும்போது தேவையே இல்லை. டைட்டேனியத்தை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தால் போதும்.

பிரஷைத் தொடும் முன் பேலட்டில் 5 குவியல் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் குவியல் நெற்றியும் கன்னத்தின் மேடும்: வெள்ளை 4 பங்கு, ஓக்கர் 1 பங்கு, ரெட் கத்தி நுனியில் தொட்ட அளவு. இரண்டாவதில் வெள்ளையை 2 பங்காகக் குறைத்து ரெட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். மூன்றாவதுதான் படத்தையே தூக்கி நிறுத்துவது. வெளிச்சம் நிழலுக்குள் இறங்குகிற இடம் அது: ஓக்கரும் ரா அம்பரும் சம பங்கு, வெள்ளை அரைப் பங்கு, பிளாக் துளி. பேலட்டில் பார்த்தால் அழுக்குப் பச்சைச் சாம்பல் மாதிரி இருக்கும், பயந்து ரெட் சேர்த்துவிடாதீர்கள். அந்தப் பச்சைச் சாயல் இருந்தால்தான் பக்கத்து இளஞ்சிவப்பு சருமமாக உயிர் பெறும். நான்காவது பர்ன்ட் அம்பர், ஓக்கர், ரெட் நுனியளவு. ஐந்தாவது பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீன் நீலமும். இந்த இரண்டிலும் வெள்ளை கிடையாது. பிளாக்கும் வெள்ளையும் சேர்ந்து நிழலுக்குள் போனதுதான் உங்கள் சாம்பலுக்குக் காரணம்.

ஒவ்வொரு குவியலையும் கத்தி நுனியில் எடுத்து பிரின்ட்டின் மேலேயே பிடித்துப் பாருங்கள். கண்ணை இடுக்கினால் கத்தியில் உள்ள வண்ணம் பிரின்ட்டில் கரைந்து மறைய வேண்டும். மறையவில்லை என்றால் முதலில் வெளிச்ச அளவைச் சரி செய்யுங்கள், நிறம் அப்புறம். வெளிச்ச அளவு சரியாக இருந்தால் நிறம் சற்றுத் தப்பினாலும் முகம் முகமாகவே நிற்கும். அது தப்பினால் எந்த நிறமும் காப்பாற்றாது.

இனி வரிசை. இந்தப் படத்தை ஹேக் நகரின் மௌரிட்ஷுயிஸ் அருங்காட்சியகம் 2018இல் கருவிகள் வைத்து ஆராய்ந்து, முடிவுகளை 2020இல் வெளியிட்டது. படி எடுப்பவருக்கு அதில் புதையலே இருக்கிறது. வெர்மீர் முதலில் பழுப்பிலும் கறுப்பிலும் படத்தைக் கட்டியிருக்கிறார். பிறகு பின்னணியும் முகமும், அதன்மேல் மஞ்சள் மேலாடை, வெள்ளைக் காலர், தலைத்துணி, கடைசியில் முத்து. பின்னாலிருந்து முன்னால் வருகிற வரிசை. நீங்களும் இதையே பிடியுங்கள். ஒவ்வொரு பொருளும் தனக்குப் பின்னால் உள்ளதன் ஓரத்தைக் கொஞ்சம் மூடிக்கொண்டே வருவதால், விளிம்புகளைத் தனியாக வரைந்து இறுக்க வேண்டிய வேலை இருக்காது.

பின்னணியைப் பற்றியும் அதே ஆய்வில் விடை உண்டு. அது வெறும் கறுப்பு அல்ல, ஒரு பச்சைத் திரைச்சீலை. அவுரி நீலத்தையும் வெல்ட் என்ற செடியின் மஞ்சளையும் சேர்த்து ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சாக, அதாவது கிளேஸாகப் போட்டிருக்கிறார். காலப்போக்கில் அந்த நிறங்கள் மாறியதால் இன்று இருட்டாகத் தெரிகிறது. நீங்கள் பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீனும் சம பங்கு கலந்து மெல்லிய இருட்டு அடுக்கு போட்டு, அது காய்ந்தபின் விரிடியன் பச்சையோடு செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா கொஞ்சம் சேர்த்து ஒரே ஒரு கிளேஸ் ஓட்டுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் பச்சை என்று சொல்லத் தோன்றாது. ஆனால் முகத்துக்குப் பின்னால் காற்று இருப்பது தெரியும்.

மூக்கை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பார்வைக்கு இடது பக்கம் மூக்குத் தண்டுக்கும் அந்தப் பக்கக் கன்னத்துக்கும் நடுவில் கோடே கிடையாது. இரண்டும் ஒரே வெளிச்ச அளவு, ஒன்றில் ஒன்று கரைந்து போகிறது. கட்டம் போட்டுக் கோடு இறக்கியவர்கள் எல்லோரும் அங்கே ஒரு கோட்டை வைத்து, அதைக் கடைசி வரை காப்பாற்றிக்கொண்டு வருவார்கள். படம் பொம்மையாகிப் போவது பெரும்பாலும் அந்த ஓரிடத்தில்தான். அந்தக் கோட்டை இன்றே அழித்துவிடுங்கள்.


லவ்டேல் மேடு

சிம்ஸ்பார்க், அம்பர் சீக்கிரம் காயும் என்பது உண்மைதான். அதில் மாங்கனீஸ் இருக்கிறது, எண்ணெய் காய்வதை அது தூண்டும். ஆனால் நீங்கள் அம்பரை விட எண்ணெயை அதிகம் வைத்துவிட்டீர்கள். லின்சீட் ஆயில் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. குளிர் அதை மெதுவாக்கும், இருட்டு மெதுவாக்கும், ஈரக்காற்றும் தன் பங்குக்கு இழுக்கும். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் மூன்றும் சேர்ந்து வரும். கூடவே எண்ணெய் தடிமனாக இருந்தால் மேலே தோல் கட்டி, உள்ளே பிசுபிசுப்பாகவே கிடக்கும்.

முதல் அடுக்கில் எண்ணெயே விடக்கூடாது. டியூபில் இருக்கிற எண்ணெய் போதும். டர்பென்டைன் மட்டும் விட்டு வாட்டர்கலர் வாஷ் மாதிரி ஓட்டி, வெளிச்சப் பகுதிகளைத் துணியால் துடைத்து எடுங்கள். அடுத்த அடுக்குக்குப் பட்டாணி அளவு வண்ணத்துக்கு 1 சொட்டு மீடியம் (வண்ணத்தை இளக்கும் கலவை): லின்சீட் 1 பங்கு, டர்பென்டைன் 2 பங்கு. கடைசி கிளேஸுக்கு 1க்கு 1. கீழே மெலிவு, மேலே கொழுப்பு. இதைத் தலைகீழாகப் போட்டால் மேல் அடுக்கு முதலில் இறுகி, கீழே மென்மையாக இருப்பது பிறகு அசைந்து சுருங்கும்போது வெடிப்பு விடும். சமவெளியில் இந்த விதியைக் கொஞ்சம் மீறினாலும் சில சமயம் தப்பிக்கலாம், மலையில் தப்பிக்க முடியாது.

எண்ணெய் வாங்கும்போது ஓவியத்துக்கென்று விற்கிற லின்சீட்டையே வாங்குங்கள். ஹார்டுவேர் கடையின் ‘டபுள் பாயில்டு’ மரக்கதவுக்கானது. சீக்கிரம் காயும், ஆனால் கருத்து மஞ்சளாகிவிடும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் எந்தக் காலத்திலும் ஓவியத்துக்கு ஆகிற மாதிரி இறுகாது.

நீலகிரித் தைலம்: பிரஷ் கழுவ நன்றாக வேலை செய்யும், படத்தில் வேண்டாம். அது பலமான கரைப்பான், பாதி காய்ந்த கீழ் அடுக்கையே இளக்கித் தூக்கிவிடும். இந்தக் குளிரில் உங்கள் அடுக்குகள் பாதி காய்ந்த நிலையில்தான் அதிக நாள் இருக்கும், அதனால் ஆபத்து இரட்டிப்பு. சாலையோரக் கடையில் கிடைக்கிற தைலத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. பழைய தைலம் ஆவியாகும்போது பிசினைப் போல ஒரு மிச்சத்தையும் விட்டுவைக்கும்.

நேரத்தை மிச்சப்படுத்த நல்ல வழி, முதல் இரண்டு வேலைகளை அக்ரிலிக்கில் முடிப்பது. ஜெஸ்ஸோவை 3 பூச்சாகப் போட்டு 220 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். அதன்மேல் ரா அம்பர் அக்ரிலிக்கும் வெள்ளையும் கலந்து நடுத்தரப் பழுப்புச் சாம்பலில் தரைப்பூச்சு. பழுப்பு அண்டர்பெயின்டிங்கையும் மெல்லிய அக்ரிலிக்கிலேயே போடலாம். சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதன்மேல் ஆயில் தாராளமாக உட்காரும். ஆயிலின் மேல் அக்ரிலிக் மட்டும் எந்த நாளும் கூடாது.

ஆயில் அடுக்குகளைக் காய வைக்க ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள். படத்தை விட ஒரு சாண் பெரிய ப்ளைவுட் பெட்டி, அடியில் 40 வாட் குண்டு பல்பு, கீழேயும் மேலேயும் விரல் நுழைகிற அளவு நான்கைந்து ஓட்டை. சூடான காற்று மேலே போக, புதுக்காற்று கீழே நுழையும். படம் பல்பிலிருந்து ஒரு முழமாவது தள்ளி நிமிர்ந்து நிற்கட்டும். ஒரு தெர்மாமீட்டர் வைத்து 30 முதல் 35 டிகிரிக்குள் நிறுத்துங்கள். டர்பென்டைன் வாசனை முழுக்கப் போனபின்தான் உள்ளே வைக்க வேண்டும், ஆள் இல்லாத நேரத்தில் எரிய விடக்கூடாது. வெளிச்சமும் முக்கியம்: இருட்டில் காய்கிற லின்சீட் மஞ்சளாகும். அதனால் மழை விட்ட பகலில் ஜன்னல் கண்ணாடிக்கு உட்புறம் நிறுத்துங்கள்.

கணப்பு மூட்டுகிற அறையில் வைத்தால் சாம்பல் வந்து ஒட்டும். அதை விடப் பெரிய விஷயம், லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது. எண்ணெய் காயும்போது சூடு வெளிவிடும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடி, வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

இன்னொன்று: பருத்தி கேன்வாஸ் ஈரத்துக்கு ஏற்ப இறுகும், தளரும், பின்பக்கம் பூசணமும் பிடிக்கும். அடுத்த படிக்கு 6 மி.மீ. ப்ளைவுட் பலகையை இரு பக்கமும் ஜெஸ்ஸோ அடித்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வளைந்துவிடும். இப்போதுள்ள கேன்வாஸைச் சுவரோடு ஒட்டிச் சாய்க்காமல் நாலு மூலையிலும் கார்க் துண்டு வைத்துத் தள்ளி நிறுத்துங்கள்.


ஷோலா (கொடைக்கானல்)

மேலே சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஆயில் புதிது என்கிறவர் இந்தப் படத்தில் தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெர்மீர் அடுக்கின் மேல் அடுக்காகக் கட்டுகிறவர். ஒரு அடுக்கில் கற்றதைச் சரிபார்க்க அது காயும்வரை காத்திருக்க வேண்டும். மலையில் அது வாரக்கணக்காகும், அதற்குள் கை மறந்துவிடும்.

ரெம்பிராண்ட் இளவயதில், 1628 வாக்கில் வரைந்த சிறிய தன்னுருவப் படம் ஆம்ஸ்டர்டாமின் ரிக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. பலகையில் வரைந்தது, 22.6 × 18.7 செ.மீ. மட்டுமே. ஏ4 தாளில் அசல் அளவிலேயே பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம், படத்தை அருங்காட்சியகமே பெரிய அளவில் இலவசமாகத் தருகிறது. கழுத்திலும் ஒரு கன்னத்திலும் மட்டும் வெளிச்சம், கண்கள் நிழலுக்குள். விவரம் குறைவு, வெளிச்ச அளவு மட்டும்தான் பாடம். சுருள் முடியை அவர் வரையவில்லை, ஈர வண்ணத்தில் பிரஷின் கைப்பிடி நுனியால் கீறி எடுத்திருக்கிறார். கீழே உள்ள வெளிர் நிறம் ஒவ்வொரு இழையாக வெளியே வருகிறது. இதற்கு வண்ணம் ஈரமாகவே இருக்க வேண்டும், இங்கே நம் குளிர் நமக்கு உதவி. சமவெளியில் அவசரப்பட்டுக் கீற வேண்டியதை நாம் மறுநாள் காலையில்கூட நிதானமாகக் கீறலாம். நான்கு டியூப் போதும்: வெள்ளை, ஓக்கர், லைட் ரெட், பர்ன்ட் அம்பர். கருமைக்குக் கொஞ்சம் பிளாக். ஒரே அமர்வில் முடியும், பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். துடைத்துப் போடுவதில்தான் கை வளரும்.

வெர்மீரை விட மனமில்லை என்றால் முகத்தை மட்டும் எடுங்கள். முழுப்படம் ஏ3 தாளில் அடங்காது, முகமும் முத்தும் மட்டும் வெட்டினால் அசல் அளவிலேயே அடங்கும். பிரின்ட் எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். 1994இல் பழைய வார்னிஷை நீக்கிச் சுத்தம் செய்வதற்கு முன் அச்சான படங்களில் சருமமே மஞ்சளாக இருக்கும். அருங்காட்சியகத்தின் இன்றைய படத்தையே இறக்குங்கள். 1000 கோடி பிக்சலில் எடுத்த படம் ஒன்றும் இணையத்தில் பார்வைக்கு உண்டு. அதில் தெரியும் வெடிப்புகளைப் படியெடுக்க வேண்டாம், அவை காலம் போட்டவை. டேப்லெட்டைப் பார்த்து வரைவதானால், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, திரையின் வெள்ளையும் தாளும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். இல்லாவிட்டால் திரையை எட்டிப் பிடிக்க வெள்ளையை ஏற்றிக்கொண்டே போவீர்கள். உங்கள் சுண்ணாம்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மூடுபனி ஏறி இறங்கும்போது ஜன்னல் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்பதால் 5000 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்) எல்இடி ஒன்றை ஈசலுக்கும் பேலட்டுக்கும் பொதுவாக விழும்படி மாட்டுங்கள்.

நம் மாநிறச் சருமத்துக்கு அடுத்த படி ரவிவர்மா. ஆனால் காலண்டரிலும் பழைய சட்டங்களிலும் இருக்கிற அச்சுப் படத்தைப் பார்த்து அல்ல. அவை கல் அச்சில் நிறம் நிறமாக ஏற்றியவை, ஆயில் அடுக்கு எப்படி உட்காருகிறது என்று அவற்றில் தெரியாது. அசல் ஆயில்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா கலைக்கூட வளாகத்திலும் உண்டு. பக்கவாட்டில் நின்று விளக்கு வெளிச்சம் வழுக்குகிற கோணத்தில் பாருங்கள். எங்கே வண்ணம் தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.


கோத்தகிரி ஈசல்

ஷோலா சொல்வது நியாயம், ரெம்பிராண்ட் முதலில் என்பதை ஏற்கிறேன். ஆனாலும் முத்தை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அதில் இருப்பது இரண்டே இரண்டு தொடல். மேலே இடது பக்கம் தடித்த வெள்ளை ஒன்று, கீழே காலரின் பிரதிபலிப்பாக மங்கலான வெள்ளை ஒன்று. நடுவில் தெரிவதெல்லாம் கழுத்தின் நிழல்தான். காதில் மாட்டுகிற கொக்கிகூட அவர் வரையவில்லை. வட்டம் போட்டு உள்ளே சாம்பல் நிரப்பினால் கண்ணாடி குண்டு வரும், முத்து வராது. கழுத்து நிழல் காய்ந்தபின், கீழ்ப் பிரதிபலிப்பை ஏறக்குறைய வறண்ட பிரஷால் தேய்த்து வையுங்கள். மேல் ஹைலைட்டை மீடியம் இல்லாத வெள்ளையில் ஒரே தொடலாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். உதட்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு ஹைலைட் உண்டு. உதடு ஈரமாகத் தெரிவது அதனால்தான், விட்டுவிடாதீர்கள்.


சிம்ஸ்பார்க் (குன்னூர்)

எல்லோருக்கும் நன்றி. ஷோலா சொன்ன ரெம்பிராண்டை ப்ளைவுட்டில் தொடங்குகிறேன். வெர்மீர் கேன்வாஸை என்ன செய்வது? பிசுபிசுப்பு காயும்வரை காத்திருக்கலாமா, சுரண்டலாமா? வார்னிஷ் எப்போது?


லவ்டேல் மேடு

சுரண்டுங்கள். காத்திருந்தாலும் அடியில் எண்ணெய்க் கொழுப்பு இருக்கும், அதன்மேல் என்ன போட்டாலும் அசையும். பேலட் கத்தியைப் படுக்க வைத்து வண்ணத்தை வழித்து எடுங்கள், பிறகு டர்பென்டைன் நனைத்த துணியால் ஒரே திசையில் துடையுங்கள். கேன்வாஸைப் பின்னாலிருந்து ஒரு அட்டையால் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சட்டத்தின் விளிம்பு தடமாகப் பதிந்துவிடும். மிஞ்சுகிற பழுப்புக் கறையை அழிக்க வேண்டாம், அதுவே நல்ல தரைப்பூச்சு. நன்றாக உலர விட்டு அதன்மேல் ஆயிலிலேயே தொடருங்கள். எண்ணெய்க் கறை இருப்பதால் இந்தக் கேன்வாஸில் இனி அக்ரிலிக் கிடையாது.

காய்ந்தபின் அம்பர் இருந்த இடங்கள் மங்கி, மற்ற இடம் பளபளப்பாகத் தெரிந்தால் வண்ணம் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருத்தத் தொடங்காதீர்கள். எண்ணெயை ஜெஸ்ஸோ உறிஞ்சியதால் வருவது அது. ஒரு சொட்டு லின்சீட்டை அந்த இடத்தில் தேய்த்து உடனே துணியால் முழுக்க ஒற்றி எடுத்தால் நிறம் திரும்பும்.

வார்னிஷுக்கு மெல்லிய படமானால் 6 மாதம், தடித்த இடங்கள் இருந்தால் அதற்கு மேல். பஞ்சுக்குச்சியை டர்பென்டைனில் லேசாக நனைத்து இருட்டான ஓரத்தில் தொட்டுப் பாருங்கள், நிறம் ஏறினால் இன்னும் ஆகவில்லை. மூடுபனி நாளில் போட்டால் ஈரம் சிக்கி வெள்ளைப் புகை மாதிரி படரும். அதனால் பிப்ரவரி, மார்ச்சில் வெயில் தெளிந்த நடுப்பகலில், படமும் வார்னிஷ் பாட்டிலும் அதே அறையில் சில மணி நேரம் இருந்து சூடேறியபின் போடுங்கள்.